கொரோனா காலத்தில் சீட்டில்லாமல் வாங்கிய ஆன்டிபயாடிக்: ஒரு மருந்துக்கடைக்காரரின் பதில்

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 2021 மே மாதம் வீட்டில் நான்கு பேருக்கும் காய்ச்சல். டாக்டரைப் பார்க்க முடியவில்லை. தெருமுனை மெடிக்கலில் போய்ச் சொன்னதும் சீட்டு எதுவும் கேட்காமல் ஆளுக்கு ஓர் அட்டை அசித்ரோமைசின் கொடுத்தார்கள். சாப்பிட்டார்கள், சரியாகிவிட்டது. இப்போது ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிப் படிக்கும்போது உறுத்துகிறது. கடைக்காரர் செய்தது குற்றமா, நாங்கள் ஏதாவது கெடுதல் செய்துவிட்டோமா, டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் அவரை உண்மையில் குடைகிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் கடையின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் டி.பார்ம் படித்தவன். இருபத்திரண்டு வருடமாகக் கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையும், தொழிலுக்காகப் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மாதங்களில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சட்டத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம், அதன் கீழ் வந்த 1945 விதிகள். அந்த விதிகளில் ஷெட்யூல் எச் என்று ஒரு பட்டியல் உண்டு. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாத மருந்துகள் அதில் இருக்கின்றன. அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் எல்லாம் அதில் அடக்கம். 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 என்று இன்னும் கடுமையான ஒரு பட்டியல் வந்தது. மொத்தம் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், லீவோஃப்ளாக்ஸசின், மெரோபெனம், காசநோய் மாத்திரைகள் போன்றவை. இவற்றை விற்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி நோட்டில் ஏற்றி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கவனித்தீர்களா, அசித்ரோமைசின் இந்த இரண்டாம் பட்டியலில் இல்லை. சீட்டு வேண்டும், ஆனால் நோட்டு வேண்டாம். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் புரட்டுவது எச்1 நோட்டைத்தான். கொரோனாவில் இந்த மாத்திரை ஏன் இவ்வளவு சுலபமாகக் கைமாறியது என்பதற்கு இது ஒரு சின்னக் காரணம். ஆக, உங்களுக்குக் கொடுத்தவர் விதியை மீறினார். உரிமத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கவோ, ரத்து செய்யவோ கூட விதியில் இடம் இருக்கிறது. நெருக்கடிக் காலம் என்பதற்காக ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு வேண்டாம் என்று எந்த அரசாணையும் வரவில்லை.

ஆனால் கொரோனா வந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். "அண்ணா, காய்ச்சல் சளிக்கு ஒரு செட் குடுங்க" என்பது எங்கள் கவுண்டரில் நான் கடை தொடங்குவதற்கு முன்பிருந்தே கேட்கிற குரல். செட் என்றால் ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, கூட ஒரு "பவர் மாத்திரை", எல்லாம் சின்னக் காகித உறையில், இரண்டு வேளைக்கு. அந்தப் பவர் மாத்திரை பல நேரம் அமாக்ஸிசிலின் அல்லது சிப்ரோ. தினக்கூலிக்குப் போகிற ஒருவர் டாக்டர் ஃபீஸும் அரை நாள் சம்பளமும் இழப்பதைவிட முப்பது ரூபாயில் முடிப்பது அவருக்குப் பெரிய நியாயம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை என்றாலும் புரியும். ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை இரண்டு வேளைக்கு வெட்டிக் கொடுப்பதில் எந்த மருத்துவமும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. எங்கள் ஊரில் காய்ச்சல் பார்க்கும் தனியார் கிளினிக்குகளில் பாதிக்கு மேல் ஷட்டரை இறக்கிவிட்டன. திறந்திருந்தவை பல்லாவரம் முதல் பாலக்காடு வரை எங்கும் பெரும்பாலும் அத்தியாவசியக் கடைகள்தான்: பால் கடை, காய்கறிக் கடை, மருந்துக்கடை. அந்த வாரமே டெலிமெடிசினுக்கு, அதாவது போனிலோ வீடியோவிலோ வைத்தியம் பார்ப்பதற்கு, வழிகாட்டு விதிகள் வந்தன. மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும், சீட்டை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளவும் மார்ச் 26 அறிவிப்பு அனுமதித்தது. நல்ல ஏற்பாடுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்குபவர்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால் நடைமுறையில் மின்னஞ்சல் என்பது வாட்ஸ்அப் ஆனது, சீட்டு என்பது சீட்டின் போட்டோ ஆனது.

இங்கேதான் வெளியில் இருப்பவர்கள் கவனிக்காத ஒன்று நடந்தது. விதிப்படி ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம், மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய. கொடுத்ததும் கடைப் பெயரும் தேதியும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். அதற்குத்தான் கடை சீல். போனில் வந்த போட்டோவில் சீலை எங்கே குத்துவது? 2021 மே மாதம் ஒரே சீட்டு என் போனுக்கு மூன்று வீடுகளிலிருந்து வந்தது. மேலே வேறு யாரோ ஒருவர் பெயர், வயது 54. கீழே அசித்ரோமைசின் 500, ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், ஜிங்க், விட்டமின் சி, பாராசிட்டமால். ஊரில் யாருக்கோ ஒரு டாக்டர் எழுதியது, குடும்ப குரூப்புகளில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை வந்தபோது, "இது உங்க சீட்டு இல்லைங்களே" என்று கேட்டேன். "தெரியுமுங்க, ஆனா அதே வியாதிதானுங்களே" என்றார். அந்த நேரத்தில் அதற்குச் சட்டென்று ஒரு பதில் எனக்கு வரவில்லை. கொடுத்தேன். ஆகவே "சீட்டோடு" "சீட்டில்லாமல்" என்ற கோடு அன்றைக்கு ஏற்கெனவே அழிந்து போயிருந்தது. அந்தச் சீட்டை எழுதிய டாக்டர் முதல் நோயாளியையாவது நேரில் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

சரி, டாக்டர்கள் ஏன் எழுதினார்கள்? 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரத்திலிருந்து ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோடு அசித்ரோமைசினும் சேர்த்தால் வைரஸ் வேகமாகக் குறைகிறது என்றார்கள். சில பத்து நோயாளிகள், ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு இல்லை. 2024 டிசம்பரில் அந்தக் கட்டுரையையே வெளியிட்ட இதழ் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 2020 மார்ச்சில் உலகம் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பைத் தேடிக்கொண்டிருந்தது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் மார்ச் 31 வழிகாட்டுதலிலும் தீவிர நோயாளிகளுக்கு இந்த ஜோடி இடம்பெற்றது. ஜூன் 13 பதிப்பில் அசித்ரோமைசினை எடுத்துவிட்டார்கள். ஐ.சி.யூ. நோயாளிக்கு என்று எழுதப்பட்டது, இரண்டரை மாதத்தில் நீக்கவும் பட்டது. அதற்குள் அது தெருவுக்கு இறங்கி, ஒரு வருடம் கழித்தும் தெருவிலேயே இருந்தது. காகிதத்தில் அடிப்பதற்கு ஒரு நிமிடம் போதும், கைப்பழக்கத்திலிருந்து அடிப்பதற்கு ஆகும் காலமே வேறு.

மாத்திரை வேலை செய்ததா என்பதற்கு இன்று உறுதியான பதில் உண்டு: கொரோனாவுக்கு இல்லை. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோம் என்ற புரதத் தொழிற்கூடத்தில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. வைரஸுக்குச் சொந்தமாக அந்தத் தொழிற்கூடமே கிடையாது. அது மட்டுமல்ல, அழற்சியைக் குறைக்குமோ என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்த 7,763 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, அசித்ரோமைசின் கொடுத்த பக்கம் இறப்பு குறையவில்லை. 2020 டிசம்பரிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே இருந்த நோயாளிகளிடம் நடத்திய பிரின்சிபில் ஆய்வு 2021 ஜனவரியில் அதையே சொன்னது, டாக்ஸிசைக்ளினுக்கும் சேர்த்து. உங்கள் வீட்டு நான்கு பேருக்கும் காய்ச்சல் விட்டது மாத்திரையால் என்பதற்கு ஆதாரமில்லை. பெரும்பாலானோருக்கு அது தானாகவே விட்டது. சாப்பிட்ட பின் சரியானதெல்லாம் சாப்பிட்டதால் சரியானதாகத் தோன்றுவதுதான் எங்கள் தொழிலின் மூலதனம் என்றுகூடச் சொல்வேன்.

"கூடவே பாக்டீரியாவும் தொற்றியிருந்தால்?" என்று கேட்பீர்கள். அன்று பல டாக்டர்கள் சொன்ன காரணம் அதுதான், வெறும் சாக்கு என்று தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதோ சுமார் 75 சதவீதம் பேருக்கு. இது மருத்துவமனைக் கணக்கு. வீட்டில் இருந்த லேசான நோயாளிகளிடம் அந்த 8 சதவீதமும் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இனி கெடுதலுக்கு வருகிறேன். உங்கள் உடம்புக்கு நடந்தது அநேகமாகச் சின்ன விஷயம்தான்: வயிற்றுப்போக்கு, குமட்டல், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் கொஞ்ச காலம் அடிபட்டது. இதயத் துடிப்பின் லயத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு, அதிலும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, ஆபத்து நிஜமானது. நாட்கள் ஓடிவிட்டன, அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

ஊருக்கு நடந்ததுதான் நீளமான கதை. அசித்ரோமைசின் மெதுவாக வெளியேறும் மருந்து. ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. மூன்று மாத்திரை போட்டு நிறுத்தினாலும் உடம்பில் பல நாள் தங்கும். டாக்டர்களுக்கு அது வசதி. ஆனால் கடைசி நாட்களில் அளவு குறைந்துகொண்டே போகும்போது, தொண்டையிலும் குடலிலும் இருக்கும் கிருமிகளில் பலவீனமானவை செத்து, தாக்குப்பிடித்தவை பெருகும். அந்தத் தழும்பேறிய கூட்டம் உங்களோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் பள்ளிக்கும் போகும். எனக்கு இதில் அதிகக் கவலை டைஃபாய்டு பற்றித்தான். நான் தொழிலுக்கு வந்தபோது டைஃபாய்டு என்றால் சிப்ரோ. அது நம் நாட்டில் மெல்ல மெல்லப் பலனிழந்தது. ஊசியைத் தவிர்த்து வாய்வழியாகக் கொடுக்க டாக்டர்கள் கையில் இப்போது பெரிதாக மிச்சமிருப்பது செஃபிக்ஸிமும் அசித்ரோமைசினும்தான். 2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைஃபாய்டு கிருமிக்குச் செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியும் கேட்கவில்லை. அங்கே மாத்திரையாக மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதற்கும் அடங்காத கிருமிகள் வங்கதேசத்தில் கொரோனாவுக்கு முன்பே தென்பட்டுவிட்டன. அப்படிப்பட்ட மாத்திரையைத்தான் நாங்கள் சளிக்கு வேர்க்கடலை அளப்பது போல அளந்து கொடுத்தோம்.

எவ்வளவு அளந்தோம் என்பதற்கு ஒரு நல்ல மதிப்பீடு இருக்கிறது. இந்தியத் தனியார் மருந்து விற்பனைத் தரவுகளை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வு அது. 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை, கொரோனா இல்லாதிருந்தால் விற்றிருக்கக் கூடியதைவிட 21.6 கோடி டோஸ் ஆன்டிபயாடிக் கூடுதலாக விற்றது. அதில் 3.8 கோடி அசித்ரோமைசின். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு, அதைச் செய்திகளில் அதிகம் சொல்வதில்லை. 2020 முழுக்கச் சேர்த்து விற்ற ஆன்டிபயாடிக் சுமார் 1,629 கோடி டோஸ். அது முந்தைய இரண்டு வருடங்களைவிடச் சற்றுக் குறைவுதான். பள்ளிகள் மூடியதால் குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் குறைந்தது, ஓட்டல் சாப்பாடு நின்றது, அந்தப் பக்கம் விற்பனை இறங்கியது. அதாவது இறங்கியிருக்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை என்பதே கூடுதல் என்பதன் பொருள். இன்னொரு எல்லையும் அந்தத் தரவுக்கு உண்டு. கடைக்குப் போன சரக்கை அது எண்ணுகிறது, அதில் எத்தனை சீட்டோடு போனது, எத்தனை சீட்டில்லாமல் போனது என்று அது பிரிக்காது. ஆகவே "மெடிக்கல்காரர்கள்தான் 21 கோடி டோஸை விற்றார்கள்" என்று யாராவது எழுதினால் அது அந்த எண் சொல்லாத சேதி. கொரோனாக் கால மாத்திரைகளால் நம் ஊரில் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு இத்தனை சதவீதம் ஏறியது என்று துல்லியமாகச் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடியாக 12.7 லட்சம் உயிர்களை உலகில் பறித்தன என்பது ஒரு பெரிய சர்வதேச மதிப்பீடு. அது கொரோனாவுக்கு முந்தைய வருடம் என்பதை மறக்க வேண்டாம். ஆறு ஏற்கெனவே கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாம் இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட்டோம்.

லாபத்துக்காகத்தானே கொடுத்தீர்கள் என்று பலர் கேட்பார்கள். அசித்ரோமைசின் 500 அரசின் விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து. ஒரு மாத்திரை இருபது ரூபாய்ச் சொச்சம். அதில் கடைக்கு 16 சதவீதம். ஓர் அட்டை விற்றால் பதினைந்து, இருபது ரூபாய். அந்தப் பதினைந்து ரூபாய்க்காக யாரும் விதியை மீறுவதில்லை. "இல்லை" என்று சொன்னால் ஆள் அடுத்த கடைக்குப் போவார், அடுத்த மாதம் அவருடைய அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அங்கேயே போகும். அந்தப் பயம்தான் உண்மையான காரணம். அதோடு, 2021 மே மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இதை நியாயப்படுத்தவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அன்று அவருக்கு என்னிடம் உண்மையில் தேவைப்பட்டது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 94க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்ற ஒரு வாக்கியம். அதைச் சொல்லி அனுப்பியவர்களுக்கு மாத்திரையில்லாமலேயே என் கடமையைச் செய்திருக்கிறேன். மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிய ஒருவர் "கோர்ஸ் முடியட்டும்" என்று மூன்று நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு, நான்காம் நாள் ஆம்புலன்ஸில் போனார். பிழைத்துவிட்டார். அந்த மூன்று நாளை அவருக்கு நான்தான் விற்றேன்.

ஸ்டீராய்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. டெக்ஸாமெத்தசோன் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது, அது நிரூபணமானது. அதே மாத்திரை லேசான காய்ச்சலுக்கும் கைமாறியது, சர்க்கரை உள்ளவர்களுக்கும் போனது. 2021இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உடனடிக் கெடுதலை மட்டும் கணக்கெடுத்தால் அசித்ரோமைசினைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கடைக்காரர்களைத் திருத்தவே முடியாது என்று நினைக்கிறீர்களா? எனக்கு நம்பிக்கை தருகிற ஓர் ஆய்வு உண்டு. டெல்லி, மும்பை, பாட்னா மருந்துக்கடைகளுக்கு நோயாளி போல நடிப்பவர்களை அனுப்பினார்கள், 2016இல் முடிவு வந்தது. காசநோய் அறிகுறிகளை மட்டும் சொன்னவருக்கு 37 சதவீத முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். காசநோய் என்று உறுதியான பரிசோதனை முடிவைக் காட்டியவருக்கு அது 16 சதவீதமாகக் குறைந்தது, பலர் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். காசநோய்க்கு முதலில் கொடுக்கும் முக்கிய மாத்திரைகளை ஒரு கடைகூடக் கொடுக்கவில்லை. சீட்டில்லாமல் எதையும் விற்கும் அதே ஆட்கள், "இது விளையாட்டு இல்லை" என்று தெரிந்த இடத்தில் தாமாகவே நின்றார்கள். பக்கத்தில் கேரளத்தில் 2018 முதல் மாநில அளவில் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்கவென்றே ஒரு செயல்திட்டம் ஓடுகிறது. 2024 ஜனவரியில் ஆப்பரேஷன் அம்ரித் என்று கடைகளில் திடீர்ச் சோதனையும் தொடங்கினார்கள். அதே மாதம் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம், ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்கு என்று காரணத்தையும் சீட்டில் எழுதும்படி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. அந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் எழுதியிருந்தால் 54 வயதுக்காரரின் சீட்டு மூன்று வீடுகளுக்குப் போவது கொஞ்சமாவது கடினமாகியிருக்கும். எங்கள் ஊரில் காரணம் எழுதிய சீட்டு இதுவரை என் கைக்கு வந்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

ஆகவே உங்கள் நடுக் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஒரு சிறு பங்கு உங்களுக்கும் உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு, அந்தச் சீட்டுகளை எழுதியவர்களுக்கு இன்னும் பெரியது. படுத்த படுக்கையில் இருந்த குடும்பம் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டது என்பதற்காக நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மிச்ச மாத்திரைகளை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள். 2021இல் வாங்கியது எப்படியும் காலாவதி ஆகியிருக்கும், அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ போட வேண்டாம், அந்தத் தண்ணீரில் இருக்கும் கிருமிகளுக்கும் அது பயிற்சிதான். காலாவதி மருந்துகளைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் பெட்டி எல்லாக் கடைகளிலும் இருக்கும். உங்களுக்குப் பழக்கமான கடையில் கேளுங்கள், வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். அதில் அசித்ரோமைசின் மட்டும் நான்கு அட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு மாத்திரை மிச்சம். இரண்டு அட்டையின் ஓரத்தில் இருந்த விலைச் சீட்டு என் கடையுடையது.